இடைவெளியைக் குறைக்காதே

டோலினா,
19 ஜனவரி 1997

அன்புள்ள தம்பி ஓஸ்போல்டுக்கு,

அக்கா யேரா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் நலம். பெலிக்ஸ் அத்தானுக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ஜெர்மனியில் டாக்டர்கள் நிறைய இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவரையாவது போய்ப் பார்.

கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தாய். பதினோரு நிமிடம். பத்து நிமிடம் நான் பேசினேன், நீ "ம்" கொட்டினாய். அதனால்தான் இந்தக் கடிதம். தபாலில் "ம்" கொட்ட முடியாது.

விஷயம் இதுதான். ஐம்பது வருடம் அரசு வைத்திருந்த கரும்பள்ளத்துக் காடு டோலினாவுக்கும் நம் கோரிட்சாவுக்கும் பொதுவாகத் திரும்பி வந்து இரண்டு வருடம் ஆகவில்லை. அதற்குள் அதை மொட்டையடிக்க வேண்டுமாம். சொல்வது நம் பெரியப்பா மகன் லேனார்ட். பங்குக்காரர் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவர். "மரத்துல வண்டு விழுந்திருச்சு யேரா, நாம வெட்டலேன்னா அது தின்னுரும்" என்கிறான். வண்டு விழுந்தது நாற்பது மரத்தில். அவன் வெட்டச் சொல்வது சரிவு முழுவதையும். விற்றால் ரோடு வருமாம், இன்னும் என்னென்னவோ வருமாம்.

ஜூன் 15, புனித வீதுவின் திருநாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். வீட்டுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஒரு கை, மொத்தம் இருபத்து மூன்று. வீடு வீடாகப் போய் எண்ணிவிட்டேன். காடு இருக்கட்டும் என்பவர்கள் பன்னிரண்டு, வெட்டு என்பவர்கள் பதினொன்று. அந்தப் பன்னிரண்டில் ஒன்று நீ. அப்பாவின் வீடு பூட்டிக் கிடந்தாலும் பங்கு உன் பெயரில்தான் இருக்கிறது. நீ வரமாட்டாய், எனக்குத் தெரியும். உனக்குப் பதிலாக நான் கை தூக்கலாம் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பு.

இன்னொன்று. அந்தத் திருநாளுக்கு ஒரு மெட்டுக் கட்டிக் கொடு. எங்கள் கோபுரத்து மூன்று மணிக்கும் பொருந்துகிற மாதிரி, கரும்பள்ளத்துக் காட்டைப் பற்றி. மணியை ஆட்டாமல் நாக்கைக் கையில் பிடித்து அடிக்கிற நம் முறைதான். இப்போது அடிப்பது நான், தபால்காரி பவ்லினா, பள்ளிக்கூடத்து சால்கா, மூன்று பேரும். ஆண்பிள்ளைகளுக்கு நூற்றிரண்டு படி ஏற மூச்சு வாங்குகிறதாம். நான் வாயால் சொன்னால் இந்த ஊர் கேட்காது, கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து இருபத்தாறு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மணி சொன்னால் கேட்கும். கையைத் தூக்குவதற்கு முன்னால் அந்தக் காட்டை ஒரு தடவை காதால் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். தாளை மறக்காதே.

உன் அக்கா,
யேரா


எஸ்லிங்கன்,
16 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் முழங்காலுக்குப் பன்றிக்கொழுப்பைத் தடவாமல் டாக்டரிடம் போ. எனக்குச் சொன்ன புத்தி உனக்கும் பொருந்தும்.

மெட்டுக் கட்டுகிறேன். தொழிற்சாலையில் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் எட்டு மணிநேரம் நிற்கிறேன், அது டம் டம் என்று அடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு நடுவில் காட்டை நினைக்கச் சொல்கிறாய். நினைக்கிறேன்.

மூன்று மணிக்குள் காட்டை அடைப்பது லேசான வேலை இல்லை. நான்கு இருந்தால் பரவாயில்லை. கோரிட்சா கோபுரத்தில் காலியாகக் கிடக்கிற உத்தரம் உளுத்துவிட்டதா, கெட்டியாக இருக்கிறதா? அந்தப் பக்கம் போனால் ஏறிப் பார்த்து எழுது. அத்தானுக்கு என் வணக்கம். குளிரில் படியேறாதே.

உன் தம்பி,
ஓஸ்போல்ட்


டோலினா,
27 பிப்ரவரி 1997

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம், எனக்கு ரத்தக்கொதிப்பு மட்டும் உன் கடிதம் வந்ததிலிருந்து.

தாள் எங்கே? ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் பன்றிக்கொழுப்புக்கு இடம் இருக்கிறது, தாளுக்கு ஒரு வரி இல்லை. இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறிகூடப் போட்டிருக்கிறேன்.

அந்த உத்தரத்தைப் பற்றி உனக்கு ஏன் இப்போது கவலை? 1917இல் சக்கரவர்த்தியின் ஆட்கள் பீரங்கி வார்க்கப் பெரிய மணியை இறக்கிக்கொண்டு போனதிலிருந்து அதில் புறாதான் உட்கார்ந்திருக்கிறது. உனக்காக ஏறிப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருக்கிறது. என் பாவாடையெல்லாம் புறா எச்சம்.

எண்களைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். போன ஈஸ்டருக்கு ஒரு மெட்டு அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? இங்கே டோலினாவில் பெரிய மணிதான் ஒன்று, நடு மணி இரண்டு, சின்னது மூன்று. கோரிட்சாவில் சின்னதிலிருந்து எண்ணுவார்கள், காணாமல் போன பெரிய மணிக்கு நாலு என்ற எண்ணை மிச்சம் வைக்க. நீ பாட்டுக்குக் கோரிட்சாக் கணக்கில் எழுதி அனுப்பினாய். நாங்கள் டோலினாக் கணக்கில் அடித்தோம். முழு மெட்டும் தலைகீழ். சாமியார் உர்பான் என்னிடம் வந்து, "யேராம்மா, காலைலயே பிளம் சாராயமா?" என்று கேட்டார். உலகம் முழுவதும் நம் அப்பா எண்ணியபடிதான் எண்ணும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

யேரா


எஸ்லிங்கன்,
6 ஏப்ரல் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். ஈஸ்டர் வாழ்த்துகள், தாமதமாக. நீ அனுப்பிய வால்நட் ரொட்டி நசுங்கி வந்தது, ருசி நசுங்கவில்லை.

எண்ணுவது எப்படி என்று எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். நீ கல்யாணம் ஆகிப் போன ஊர் எப்படி எண்ணினாலும் அதற்கு நான் பொறுப்பில்லை.

இங்கே ஊருக்கு வெளியே ஒரு காடு இருக்கிறது. மரத்துக்கு மரம் நம்பர் ஒட்டி, பாதைக்குப் பாதை பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் எனக்கு ஒரு மெட்டும் வரவில்லை. நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுது. கரும்பள்ளத்தில் கருப்பு மரங்கொத்தி இன்னும் இருக்கிறதா? ஒரு தடவை கொத்தி முடித்த பிறகு எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது? பாறைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் எங்கிருந்து கேட்கத் தொடங்குகிறது? அந்த மூத்த தேவதாரு நிற்கிறதா?

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

ஓஸ்போல்ட்


டோலினா,
20 ஏப்ரல் 1997

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன் தாள் எங்கே என்று கேட்கிறேன். மூன்றாவது தாள் இதோ.

உன் கேள்விகளுக்காக என் முழங்காலையும் பவ்லினாவையும் இழுத்துக்கொண்டு கரும்பள்ளம் வரை ஏறினேன். மேலே இன்னும் பனி கிடக்கிறது. மரங்கொத்தி இருக்கிறது. தகரத்தில் பட்டாணி கொட்டின மாதிரி ஒரு உருட்டு, பிறகு அத்தானின் கடிகாரத்தில் பன்னிரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. பவ்லினா வாயைத் திறந்தாள், நான் பொத்தினேன். அந்தப் பன்னிரண்டு விநாடியில் காடு முழுவதும் எதற்கோ காத்திருந்தது. பிறகு மறுபடி உருட்டு. தண்ணீர்ச் சத்தம் இரட்டைப் பாறையிலேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. கண்ணில் படவே படாது, காலுக்கடியில் ஓடும், உனக்குத்தான் தெரியுமே.

மூத்த தேவதாரு நிற்கிறது. நான், பவ்லினா, அவளுடைய தபால் பை மூன்றும் சேர்ந்து கட்டிப் பிடித்தும் கை எட்டவில்லை. அதன் மேல் லேனார்ட் ஆரஞ்சு வண்ணத்தில் கோடு போட்டிருக்கிறான். ஒரு வண்டும் இல்லாத மரம், தம்பி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்தில்தான்.

வரும் வழியில் மின்கா தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தாள். லேனார்ட் வீட்டோடு மாப்பிள்ளை, வீடும் பங்கும் அவள் பெயரில்தான். "நீயாவது சொல்லேன் மின்கா" என்றேன். "எனக்கென்ன தெரியும் மதினி? அவருக்கு ரெண்டு கை இருக்கு, அதுல ஒண்ணு என்னுதுன்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைப் பார்க்கக் குனிந்துகொண்டாள். இவர்களை வைத்துக்கொண்டு நான் காட்டைக் காப்பாற்ற வேண்டும்.

முதுகுக்கு ஒத்தடம் கொடு. தாள்.

யேரா


எஸ்லிங்கன்,
18 மே 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பதினைந்து தடவை படித்தேன். அந்தப் பன்னிரண்டு விநாடி போதும் எனக்கு. மெட்டு இதோ.

1 . 1 . 1 . . . . . . . .
1 . 1 . 1 . . . . . . . .
1 . 1 . 1 . . . . . . . .

முதலில் ஒரே மணி, தனியாக. மூன்று அடி, நிறுத்தம். மூன்று அடி, நிறுத்தம். மறுபடி மூன்று, நிறுத்தம். அதற்குப் பிறகுதான் மற்ற இரண்டு மணிகளும் சேர வேண்டும், அது பின்பக்கத்தில் முழுதாக இருக்கிறது. அங்கே மூன்றாவது வரியிலிருந்து தண்ணீர் ஓட வேண்டும், எண் போகிற போக்கிலேயே உனக்குப் புரியும்.

இடைவெளியைக் குறைக்காதே. உங்களுக்குக் கை பரபரக்கும், சும்மா நிற்பது கஷ்டம், ஆனாலும் குறைக்காதே. புள்ளியை எண்ணி நில்லுங்கள்.

இதைவிட நல்ல மெட்டு நான் கட்டியதில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தூக்கம் சரியில்லை, மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

ஓஸ்போல்ட்


டோலினா,
28 மே 1997

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மெட்டு வந்தது. தாள் வரவில்லை. உறையைக் கிழித்து உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தேன், பவ்லினா சிரித்தாள்.

மெட்டு நன்றாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். சமையலறையில் மூன்று பூந்தொட்டிகளைக் கவிழ்த்து மரக்கரண்டியால் அடித்துப் பழகுகிறோம். கோபுரத்தில் பழகினால் ஊரே கேட்டுவிடும், திருநாளுக்கு என்ன மிச்சம் இருக்கும்? தூரத்து மரங்கொத்தியில் தொடங்குகிறாய், புரிந்தது. இடைவெளிதான் உயிரை வாங்குகிறது. சால்கா டீச்சர் ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு பெருமூச்சு விடுகிறாள். எதற்கடா இவ்வளவு நீளம்? மரங்கொத்திக்குக்கூட இவ்வளவு பொறுமை கிடையாது.

12ஆம் தேதி வியாழன் காலை பத்து மணிக்குக் கோபுரத்தில் ஒரு தடவை அடித்துப் பார்க்கச் சாமியார் அனுமதி கொடுத்திருக்கிறார். ஒரே ஒரு தடவை.

ஓஸ்போல்ட், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். பன்னிரண்டு, பதினொன்று. நீ இல்லாவிட்டால் பதினொன்றுக்குப் பதினொன்று, அப்படியானால் தலைவர் சொல்வதுதான் முடிவு. தலைவர் யார் என்று உனக்குத் தெரியும். நீ ஏன் கையெழுத்துப் போட மறுக்கிறாய் என்பது மட்டும் எனக்குப் புரியவில்லை.

தூக்கத்துக்கு லிண்டன் பூ அனுப்பியிருக்கிறேன். கொதிக்க வைத்துக் குடி.

யேரா


எஸ்லிங்கன், 5 ஜூன் 1997
(அஞ்சலட்டை)

அக்கா, நலம். லிண்டன் பூ வந்தது. மணியின் நாக்கைப் பிடிக்கும்போது தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இடைவெளியைக் குறைக்காதே. அத்தானுக்கு வணக்கம். ஓஸ்.


டோலினா,
16 ஜூன் 1997

ஓஸ்போல்ட்,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது மனமில்லை. நீ உயிரோடு இருக்கிறாய் என்று தெரியும், நேற்று உன் கையெழுத்தைப் பார்த்தேன்.

வியாழனிலிருந்து சொல்கிறேன். காலை பத்துக்கு மூன்று பேரும் கோபுரம் ஏறினோம். காதில் பஞ்சு. சின்ன மணி என் கையில். மூன்று அடி அடித்தேன், நின்றேன். மூன்று அடி, நின்றேன். மூன்றாவது தடவை அடித்துவிட்டுப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள். ஆண்கள் தலையில் தொப்பி இல்லை.

அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. சின்ன மணி தனியாக அடித்தால் என்ன அர்த்தம்? நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை என்றால் பெண் செத்திருக்கிறாள், மூன்று தடவை என்றால் ஆண். நாங்கள் சாவு மணி அடித்துவிட்டோம்! உன் மணி காட்டைச் சொல்லவில்லை, டோலினாவில் ஓர் ஆண்பிள்ளை செத்துப்போனான் என்று மூன்று ஊருக்குச் சொல்லியிருக்கிறது.

மெட்டை அப்படியே விட்டுவிட்டுக் கீழே ஓடினோம். அதற்குள் வாசலில் கூட்டம். சாமியார் உர்பான், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைப் பூசுதல் எண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரும்மா? யாருக்கு?" என்று என்னையே கேட்கிறார். ஒத்திகை என்று செவ்வாய்க்கிழமைப் பூசையில் சொன்னாராம். செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வருவது ஆறு பேர், அதில் நால்வருக்குக் காது கேட்காது.

"யாரும் சாகலை! ஒத்திகை!" என்று கத்தினேன். ஒருவரும் நம்பவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளைத் தேடிக்கொண்டு ஓடுகிறாள். பெலிக்ஸ் அத்தான் மட்டும், "என்னைத் தேடி யாரும் வரலையே" என்று மனத்தாங்கலாக நின்றார்.

மின்காவுக்கு நான் சொன்னது எட்டவில்லை. லேனார்ட் காலை ஆறு மணிக்கே மோட்டார் ரம்பத்தோடு கரும்பள்ளம் போயிருந்தான். முடிவு எடுப்பதற்கு மூன்று நாள் முன்னாலேயே ரோட்டுக்கு வழி வெட்டத் தொடங்கிவிட்டான், பார். மணி அடிக்கும் வரை ரம்பச் சத்தம் ஊருக்குக் கேட்டுக்கொண்டிருந்ததாம். மணி அடித்ததும் ரம்பம் நின்றுவிட்டது. சாவு மணி கேட்டால் வேலையை நிறுத்துவதுதான் வழக்கம், ஆனால் மின்காவுக்கு அது எங்கே நினைவு வரப்போகிறது? மூன்று எண்ணினாள், ரம்பம் நின்றதைக் கேட்டாள், அவ்வளவுதான். மாவுக் கையோடு மலை ஏறினாள். ஒரு செருப்பு இரட்டைப் பாறையிலேயே கழன்றுவிட்டது. நான் பின்னால் போனேன், என் முழங்காலோடு.

நான் போய்ச் சேர்ந்தபோது லேனார்ட் மூத்த தேவதாருவின் வேரில் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, செத்தவருக்காக ஒரு செபம் சொல்லிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரொட்டியும் பன்றிக்கறியும். மின்கா அவன் முகத்தை, தோளை, முட்டியை எல்லாம் தடவிப் பார்த்தாள்.

"என்னடி ஆச்சு? யாரு செத்தா?"

"நீங்கதான்!"

"நானா? எனக்கு யாரும் சொல்லலையே."

மிச்சம் இருந்த செருப்பைக் கழற்றி அவனை அடித்தாள், ஓஸ்போல்ட். இருபத்தெட்டு வருடத்தில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. "ஒத்தையா வந்து ரம்பத்த ஓட்டிக்கிட்டு! இது சாஞ்சா நீங்க மிஞ்சுவீங்களா? இந்த மரத்துக்குக் கீழதான் உங்களப் பொணமா பார்த்தேன்! வழி பூரா பார்த்துக்கிட்டேதான் வந்தேன்!" பிறகு வேரிலேயே உட்கார்ந்து அழுதாள். அவனும் அழுதான். நான் பன்றிக்கறியை மூடி வைத்தேன், வேறு என்ன செய்வது.

நேற்று ஞாயிறு. பயத்தில் உன் மெட்டை அடிக்கவில்லை, பழைய மெட்டையே அடித்தோம். பூசை முடிந்தது. லேனார்ட் முதலில் ஊரில் இல்லாதவர்களின் தாள்களை வாசித்தான். "கோரிட்சா, பத்தொன்பதாம் வீடு. ஓஸ்போல்ட். வெட்டலாம். லேனார்டுக்கு அதிகாரம்." கீழே உன் கையெழுத்து. போன நவம்பர் தேதி. நவம்பர்! நான் ஜனவரியிலிருந்து தாள் தாளாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ஊர் முழுவதும் என்னைப் பார்த்தது.

நான் கணக்குப் போட்டேன். நாங்கள் பதினொன்று, அவர்கள் பன்னிரண்டு. காடு போயிற்று என்று நினைத்தேன். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து மின்கா முன்னால் வந்தாள். "என் பங்குக்கு என் கை" என்றாள். லேனார்ட் பக்கம் திரும்பவே இல்லை. காடு இருக்கட்டும் என்பதற்குத் தூக்கினாள்.

பன்னிரண்டு, பதினொன்று. காடு நின்றது. உன்னால் இல்லை.

எண்களை உட்கார்ந்து பார்த்தேன். நீ வழக்கம்போல் கோரிட்சாக் கணக்கில்தான் எழுதியிருப்பாய் என்று, ஒன்றையெல்லாம் மூன்றாகவும் மூன்றையெல்லாம் ஒன்றாகவும் நானே மாற்றி எழுதியிருந்தேன். எங்கே தப்பு நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. அந்த நவம்பர் கையெழுத்துக்கும் சேர்த்து எழுது.

யேரா


எஸ்லிங்கன்,
29 ஜூன் 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் இல்லை. நீயும் இருக்க மாட்டாய்.

முதலில் எண். நீ மாற்றினாய். நானும் மாற்றியிருந்தேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக உன் ஊர்க் கணக்கில் எழுதினேன். என் ஒன்று, உங்கள் பெரிய மணி. அந்த மூத்த தேவதாரு. சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று சொல்லவில்லை.

அடுத்தது கையெழுத்து. நவம்பரில் லேனார்ட் அண்ணன் இங்கே வந்தார். மரம் விற்றால் முதல் வேலையாகக் கோரிட்சா கோபுரத்துக்கு நாலாவது மணி என்றார். ஒரு வார்ப்புக்கூடத்தில் படம் வரைந்து வாங்கியிருந்தார். விளிம்பு அகலம், எடை, சுருதி எல்லாம் அதில் இருந்தது. அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். என் பெட்டியில் நான்கு மணிகளுக்குக் கட்டிய மெட்டு முப்பத்தொன்று கிடக்கிறது, அக்கா. ஒன்றையும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு நீ காட்டுக்கு மெட்டுக் கேட்டாய். கரும்பள்ளத்தைப் பற்றி நீ எழுதினதைப் படிக்கப் படிக்க மெட்டு தானாக வந்தது. அந்தத் தாளை அண்ணனிடமிருந்து திரும்ப வாங்க எனக்கு ஐந்து மாதம் இருந்தது. வாங்கவில்லை. உனக்கு எழுதவும் தைரியம் இல்லை. காடும் வேண்டும், மணியும் வேண்டும் என்று இரண்டு பக்கமும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

எதற்கடா இவ்வளவு நீளம் என்று கேட்டாயே. அந்த இடைவெளி மரங்கொத்திக்காக இல்லை. நாலாவது மணிக்காக. மூன்று அடிக்குப் பிறகு அங்கே அது ஒரு தடவை விழ வேண்டும். அது வந்த பிறகு கோரிட்சாவில் அடிக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம் என்று இடம் விட்டு வைத்தேன். அந்த இடம் இல்லாவிட்டால் அது சாவு மணியாகக் கேட்டிருக்காது.

மின்கா அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஓஸ்போல்ட்


டோலினா,
17 ஆகஸ்ட் 1997

அன்புள்ள தம்பிக்கு,

நலம். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன், படி ஏறக்கூடாது என்றார். ஏறுகிறேன்.

உனக்கு இனி எழுதவே கூடாது என்று ஒரு மாதம் இருந்தேன். உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மணிய எண்ணத் தெரியல, இதுல காட்டக் காப்பாத்தப் போயிட்டீங்க" என்றார். அவர் மேல் வந்த கோபத்தில் உன் மேல் இருந்தது கொஞ்சம் குறைந்தது. முழுவதும் குறையவில்லை. கோரிட்சா வழியாகப் போகும்போதெல்லாம் பத்தொன்பதாம் வீட்டைப் பார்த்து, "வெட்டலாமா?" என்று வாய்விட்டே கேட்கிறேன்.

வண்டு விழுந்த நாற்பது மரத்தை மட்டும் வெட்டினார்கள். லேனார்ட் தனியாகப் போவதில்லை, மின்கா விடமாட்டாள். மூத்த தேவதாருவின் ஆரஞ்சுக் கோட்டை அவனே கோடாலியால் செதுக்கி எடுத்தான். "நாலாவது மணி போச்சே" என்று மட்டும் இன்னும் புலம்புகிறான். அவனுக்கும் அது நிஜமாகவே வேண்டியிருந்தது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

நேற்று முன்தினம் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். உன் மெட்டை நிமிர்த்தி அடித்தோம். சாமியார் மூன்று ஞாயிறு தொடர்ந்து அறிவித்தார், தபால் பெட்டியில் எல்லாம் பவ்லினா சீட்டும் போட்டாள். பெரிய மணி என் கையில். இடைவெளியைக் குறைக்கவில்லை. முதல் இடைவெளியில் கீழே ஒரு சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மின்காவுக்கும் இது ஒத்திகைகூட இல்லை, திருநாள் மெட்டு என்று நன்றாகத் தெரியும். லேனார்டும் பக்கத்திலேயேதான் நிற்கிறான். ஆனாலும் இரண்டாவது இடைவெளியில் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். மூன்றாவது இடைவெளியில் ஊரில் பாதிப் பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் விட்டார்கள். அத்தான் சட்டையைப் பிடிக்க ஆள் இல்லை, நான் மேலே இருந்தேன்.

இப்படி ஒரு மெட்டைக் கட்டிவிட்டு நீ இப்படி ஒரு தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பெட்டியில் இருக்கிற முப்பத்தொன்றையும் அனுப்பு. நாலாவது மணி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்து அடிக்கிறோம். நிற்கப் பழகிவிட்டோம், சால்காகூட இப்போது பெருமூச்சு விடுவதில்லை. ஒன்றையாவது நீ நேரில் வந்து கேட்க வேண்டும்.

லிண்டன் பூ இன்னும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். தூக்கம் வருகிறதா என்று உண்மையை எழுது. மெட்டு ஒவ்வொன்றின் மேலும் எந்த ஊர்க் கணக்கு என்று எழுது.

உன் அக்கா,
யேரா